குவாம் காட்டு மீன்கொத்தி சிஹெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஹெக் மீன்கொத்தியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பறவை பார்க்கும் நண்பர்கள், பள்ளிப் பிள்ளைகள், 'பாம்பு காலி செய்த தீவு' என்று எங்கோ ஒரு துணுக்கைப் படித்துவிட்டு வருபவர்கள் எல்லாரும் கேட்டதை அவரவர் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுத்தான் போகின்றன.

சிஹெக்னா என்ன பறவை? எந்த ஊர்ப் பறவை?

பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் மரியானா தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது குவாம். அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டது, 540 சதுர கிலோமீட்டர் சொச்சம், மக்கள் 1.5 லட்சத்துக்குச் சற்று மேல். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் அந்த ஒரு தீவின் காட்டில் மட்டும் வாழ்ந்த மீன்கொத்திதான் சிஹெக். தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் டோடிராம்ஃபஸ் சின்னமோமினஸ்.

ஆண் பறவைக்குத் தலையும் அடிப்பாகமும் இலவங்கப்பட்டை நிறம், முதுகும் சிறகும் வாலும் பச்சை கலந்த நீலம், கண் வழியாக ஒரு கருங்கோடு. பெண்ணுக்கு வயிறு வெள்ளை. எடை 50 முதல் 75 கிராம்தான், ஆனால் அலகும் தலையும் உடம்புக்கு மீறிப் பெரியவை.

மீன்கொத்தின்னா மீன்தானே பிடிக்கணும்? காட்டுல அதுக்கு என்ன வேலை?

உலகத்தில் மீன்கொத்தி இனங்கள் 110-க்கும் மேல் உண்டு, அவற்றில் கணிசமானவை தண்ணீர்ப் பக்கமே போகாதவை. நம் ஊர் வெண்மார்பு மீன்கொத்தியையே பாருங்கள், குளம் குட்டை எதுவும் இல்லாத இடத்தில் மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடித்துத் தின்னும். சிஹெக்கும் அந்த வகைதான். தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும், பல்லியோ அரணையோ பூச்சியோ சிலந்தியோ அசைந்தால் பாய்ந்து எடுத்துக்கொண்டு கிளைக்குத் திரும்பும்.

அதற்குக் காடு தேவைப்படுவது இரைக்காக மட்டுமில்லை, கூட்டுக்காகவும்தான். நன்றாக உளுத்துப்போன பட்டமரத்தில் பொந்து குடையும், இல்லாவிட்டால் மரத்தின் மேலே இருக்கும் கரையான் புற்றில் குடையும். குடைவது என்றால் உட்கார்ந்து கொத்துவது இல்லை. எதிரே தள்ளிப்போய் நின்று, நேராகப் பறந்து வந்து அலகால் மரத்தில் மோதும், ஆணும் பெண்ணும் மாறி மாறி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கூண்டில் வளர்க்கிற கதையில் இது பெரிய பிரச்சினையாக வரப்போகிறது.

எப்படி அழிஞ்சுது? காட்டை வெட்டிட்டாங்களா?

போரும் கட்டுமானமும் குவாம் காட்டை நிறையவே குறைத்தன, ஆனாலும் வடக்கே நல்ல காடு மிச்சமிருந்தது. அந்தக் காட்டிலிருந்தும் பறவைகள் காணாமல் போயின. காரணம் பழுப்பு மரப்பாம்பு. நம் ஊர்ப் பூனைப்பாம்பின் பேரினத்தைச் சேர்ந்தது, இரவில் நடமாடுவது, மரம் ஏறுவதில் கெட்டிக்காரன், குவாமில் 3 மீட்டர் வரைகூட வளர்ந்திருக்கிறது. அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களும் பப்புவா நியூ கினியும் சாலமன் தீவுகளும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1940-களின் இறுதியிலோ 1950-களின் தொடக்கத்திலோ, ராணுவச் சரக்கோடு ஒளிந்து குவாம் துறைமுகத்தில் வந்திறங்கியது. யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை.

அடுத்த 30, 40 ஆண்டுகளில் குவாமின் 12 நாட்டுக் காட்டுப் பறவை இனங்களில் 10 தீவை விட்டே போய்விட்டன. அதில் குவாம் ஈப்பிடிப்பான் உலகத்திலேயே இப்போது கிடையாது. சிஹெக் காட்டில் கடைசியாகப் பார்க்கப்பட்டது 1988-ல்.

நம்ம ஊர்லயும்தான் அத்தனை பாம்பு இருக்கு, பறவையும் இருக்கே? ஒரே ஒரு பாம்பு எப்படி மொத்தத் தீவையும் காலி பண்ணும்?

நியாயமான கேள்வி, அதிகமாகக் கேட்கப்பட்டதும் இதுதான். நம் பறவைகள் பாம்போடு லட்சக்கணக்கான ஆண்டுகள் பழகியவை. கூட்டை எங்கே வைப்பது, எப்போது கத்துவது, எப்போது கூட்டமாகப் போய்த் துரத்துவது என்பதெல்லாம் அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. தவிர இங்கே பாம்பைத் தின்னக் கீரியும் கழுகும் ஆந்தையும் வேறு பாம்புகளும் உண்டு. குவாமில் மண்ணுக்குள் இருக்கும் மண்புழு அளவுப் புழுப்பாம்பைத் தவிர வேறு பாம்பையே பறவைகள் கண்டதில்லை. மரப்பாம்பைத் தின்று கட்டுக்குள் வைக்கவும் ஆளில்லை.

சிஹெக் போன்ற பொந்துப் பறவைக்கு ஆபத்து இன்னும் அதிகம், பொந்துக்கு வாசல் ஒன்றுதானே. இரவில் பாம்பு உள்ளே தலையை விட்டால் முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் எல்லாம் ஒரே இடத்தில்.

பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பறவைகள் குறைந்தால் பாம்பும் பட்டினியால் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. பல்லியும் அரணையும் அங்கே ஏராளம், அவை வேகமாகப் பெருகவும் செய்யும். குட்டிப் பாம்புகள் அவற்றைத் தின்றே வளர்ந்தன, வளர்ந்த பாம்புகள் மிச்சமிருந்த பறவைகளைத் தேடிப் போயின. உச்சத்தில் ஒரு ஹெக்டேருக்கு 50 முதல் 100 பாம்புகள் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கடைசிப் பறவை போகும்வரை பாம்புக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே வரவில்லை.

பாம்புதான்னு எப்படி உறுதியா சொல்றாங்க? பூச்சிமருந்தா இருக்கலாமே?

முதலில் எல்லாரும் பூச்சிமருந்தைத்தான் சந்தேகித்தார்கள், போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் டிடிடி தெளித்த ஊர் அது. நோயாக இருக்குமோ என்றும் பார்த்தார்கள். ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து 1987-ல் தன் முடிவை வெளியிட்டார். பறவைகள் முதலில் மறைந்தது துறைமுகம் இருக்கும் தெற்கில், பிறகு படிப்படியாக வடக்கே. பாம்பு பரவிய வழியும் காலமும் அதோடு அப்படியே பொருந்தின. பறவையை இரையாக வைத்த பொறிகளைக் காட்டில் வைத்தபோது பாம்புகள் தேடிவந்து மாட்டின. ஒரு பாம்பு ஒரு தீவின் பறவைகளையே ஒழிக்க முடியும் என்பதை அதுவரை பலர் நம்பவே இல்லை, அந்த நம்பிக்கையின்மையில் போன ஆண்டுகளுக்கு நாம் கொடுத்த விலை அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் எப்படிக் காப்பாத்தினாங்க?

1984 முதல் 1986 வரை காட்டிலிருந்து 29 சிஹெக்குகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். 1984-ல்தான் அமெரிக்கச் சட்டப்படி அது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் பிடிக்கப் பறவையே இருந்திருக்காது. இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சிஹெக்கும் அந்த 29-ன் வாரிசு. இப்போது எண்ணிக்கை சுமார் 140, இருபதுக்கும் மேற்பட்ட பூங்காக்களிலும் குவாமிலேயே அரசு வளர்ப்பு மையத்திலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

'உயிரியல் பூங்கான்னாலே சிறைதான்' என்று சொல்பவர்கள் உண்டு. பல பூங்காக்களைப் பற்றி அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் பறவை விஷயத்தில் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. கூண்டு இல்லாவிட்டால் சிஹெக் என்பது அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்த தோல் மட்டும்தான்.

40 வருஷத்துல வெறும் 140-ஆ? கோழி மாதிரி பெருக்க முடியாதா?

முடியாது, ஏனென்றால் சிஹெக் சண்டைக்காரப் பறவை. தன் எல்லைக்குள் இன்னொரு சிஹெக்கைச் சகிக்காது, கூண்டில் இருக்கும் துணையையே சில நேரம் அடித்துக் காயப்படுத்திவிடும். ஆகவே ஒன்றுக்கொன்று தெரிகிற மாதிரி பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் சேர்க்கிறார்கள்.

ஜோடி சேர்ந்தாலும் கூட்டுக்கு மரம் வேண்டும். மேலே சொன்ன அந்த மோதிக் குடைகிற வேலை நடந்தால்தான் முட்டையிடும் நிலைக்கே ஜோடி வருகிறது, ரெடிமேட் பெட்டியை வைத்து ஏமாற்ற முடியாது. எனவே உளுத்த மரக்கட்டைகளைத் தேடிக் கொண்டுவந்து கூண்டுக்குள் நிறுத்துகிறார்கள், கட்டை மிகவும் கெட்டியாகவும் இருக்கக்கூடாது, பொடிப்பொடியாக உதிரவும் கூடாது. ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 2 முட்டை, அடைகாக்க 3 வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல்.

29 பறவைலேர்ந்து வந்த கூட்டம்னா எல்லாம் ஒரே ரத்தமாச்சே, குறை வராதா?

வரக்கூடும், அந்தக் கவலை உண்மையானது. அதனால்தான் ஒவ்வொரு பறவைக்கும் வம்சாவளி ஏடு வைத்திருக்கிறார்கள், யாருடைய வாரிசுகள் கூட்டத்தில் குறைவாக இருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் ஜோடி போடுகிறார்கள். ஒரு ஊர்ப் பூங்காவின் ஆண் பறவைக்கு ஏற்ற பெண் நாட்டின் மறுகோடியில் இருந்தால் பறவையை அங்கே அனுப்புவார்கள். இழப்பை மெதுவாக்க முடியுமே தவிர இதனால் நிறுத்திவிட முடியாது. கூண்டு இடம் குறைவு, இடம் குறைவாக இருந்தால் கூட்டமும் சிறியதாகத்தான் இருக்கும். காட்டில் ஒரு கூட்டத்தை உருவாக்கியே ஆகவேண்டும் என்று அவசரப்படுவதற்கு இது முக்கியமான காரணம்.

பக்கத்துத் தீவுகள்ல இதே மாதிரி மீன்கொத்தி இருக்காமே, அதைக் கொண்டுவந்து குவாம்ல விட்டா முடிஞ்சுதே?

போன்பேயிலும் பலாவுவிலும் நெருங்கிய உறவுப் பறவைகள் இருக்கின்றன. முன்பு மூன்றையும் 'மைக்ரோனீசிய மீன்கொத்தி' என்று ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள், பழைய புத்தகங்களில் அப்படியே இருக்கும். இப்போது மூன்றும் தனித்தனி. நிறத்திலேயே வித்தியாசம் தெரியும், மற்ற இரண்டிலும் வளர்ந்த பறவைகளுக்கு அடிப்பாகம் வெள்ளை. போன்பே மீன்கொத்தி குடும்பமாகச் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் பழக்கமும் உடையது. அதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், குவாமில் பாம்பு இருக்கும்வரை எந்த மீன்கொத்தியைக் கொண்டுபோய் விட்டாலும் பாம்புக்கு இரைதான்.

இப்ப காட்டுல விட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேனே, எங்க?

பல்மைரா பவளத்தீவில். ஹவாயிலிருந்து தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர், குவாமிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். அமெரிக்க வனவிலங்குத் துறையும் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து பாதுகாக்கும் இடம். பாம்பு கிடையாது, பூனை கிடையாது, எலிகளையும் 2011-ல் முழுக்க ஒழித்துவிட்டார்கள். எலி போனபிறகு அங்கே நாட்டு மரக்கன்றுகள் அள்ளிக்கொண்டு முளைத்தன. அதில் முக்கியமான மரம் பைசோனியா, நம் ஊர் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கிற லச்சக்கொட்டைக் கீரை மரம்தான், அங்கே அது வானுயரக் காடாக நிற்கிறது.

2024-ல் பல பூங்காக்களிலிருந்து முட்டைகளைக் கான்சஸ் மாநிலத்தின் செட்ஜ்விக் கவுண்டி பூங்காவுக்குக் கொண்டுவந்து பொரிக்கவைத்தார்கள். பல்மைராவுக்கு எந்த நோயும் போய்விடக்கூடாது என்பதற்காகத் தனிமைப்படுத்திக் கையால் ஊட்டி வளர்த்தார்கள், லண்டன் விலங்கியல் சங்கத்தின் பராமரிப்பாளர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். அப்படி வளர்ந்த 9 பறவைகளை விமானத்தில் கொண்டுபோய், முதலில் அங்கேயே கூண்டில் பழக்கி, 2024 செப்டம்பரில் திறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 40 ஆண்டுகளுக்குப் பிறகு சிஹெக் வெளியில் பறந்தது அப்போதுதான். ஒவ்வொன்றின் உடம்பிலும் குட்டி ரேடியோ கருவி, கூடவே தேவைப்பட்டால் சாப்பிட வெளியிலிருந்து கொஞ்சம் இரை. 2025-ல் அவை ஜோடி சேர்ந்து முட்டையும் இட்டன. அம்மா அப்பா யாரும் சொல்லிக்கொடுக்காமல், கையால் வளர்ந்த பறவைகள் தாமாகவே காட்டு மரத்தில் பொந்து குடைந்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

சம்பந்தமே இல்லாத தீவுல கொண்டுபோய் விடுறது தப்பில்லையா? நாளைக்கு இதுவே அந்தப் பாம்பு மாதிரி ஆயிட்டா?

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், பாம்புக் கதையைக் கேட்டவர் எவருக்கும் வரவேண்டிய பயம் இது. ஆனால் மரப்பாம்பு யாருக்கும் தெரியாமல் வந்து, யாரும் கவனிப்பதற்குள் பெருகியது. சிஹெக்கை ஒவ்வொன்றாக எண்ணி, அடையாளம் கட்டி, தினமும் பின்தொடர்கிறார்கள். அது மெதுவாகப் பெருகும் பறவை, ஜோடிக்கு ஒரு எல்லை என்று பரந்து வாழ்வது, வேண்டாமென்று முடிவெடுத்தால் திரும்பப் பிடித்துவிடலாம். அங்கே அது என்ன தின்னும், எதைப் பாதிக்கும் என்று முன்கூட்டி ஆராய்ந்த பிறகு 2023-ல்தான் அனுமதியே கொடுத்தார்கள், அதுவும் 'சோதனைக் கூட்டம்' என்ற சட்டப் பிரிவின் கீழ்.

சொந்த இடத்துக்கு வெளியே விடுவது கடைசி வழிதான். முதல் வழி அடைபட்டிருக்கிறது.

9 பறவை போதுமா?

போதாது. குறைந்தது 10 இனப்பெருக்க ஜோடிகள் பல்மைராவில் நிலைக்க வேண்டும் என்பது இலக்கு, அதற்காக மேலும் பறவைகளைக் கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். பல்மைராவே சின்ன இடம், மிகப் பெரிய கூட்டம் அங்கே கொள்ளாது. வெளியில் பிழைக்கத் தெரிந்த பறவைகளை உருவாக்குவதும், எப்படி விட்டால் பிழைக்கும் என்று கற்றுக்கொள்வதும்தான் அங்கே நடக்கும் வேலை, அது நாளைக்குக் குவாமுக்கு வேண்டும்.

பாராசிட்டமால் வச்சு பாம்பைக் கொல்றாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். நாம் காய்ச்சலுக்குப் போடும் அதே மருந்து, வெறும் 80 மில்லிகிராம் போதும் அந்தப் பாம்பு சாக, அதன் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். இந்தப் பாம்பு செத்த இரையையும் தின்னும் என்பதால் செத்த சுண்டெலிக்குள் மாத்திரையை வைத்து ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள். காகித நாடா கட்டியிருப்பதால் அது மர உச்சியில் சிக்கித் தொங்கும், பாம்பு மேயும் இடமும் அதுதான், தரையில் திரியும் நண்டுகளுக்கோ மற்ற விலங்குகளுக்கோ எளிதில் எட்டாது. இரை வைத்த பொறிகள், பாம்பு ஏற முடியாத வேலிகள், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்கை மோப்பம் பிடிக்கும் நாய்கள் எல்லாம் இதோடு சேர்ந்ததுதான். நாய்கள் அங்கே நிற்பது பாம்பு ஹவாய்க்கும் பக்கத்துத் தீவான சைபானுக்கும் போய்விடக்கூடாது என்பதற்காக.

தீவு முழுவதும் ஒழிக்க இன்னும் வழி இல்லை. குறிப்பிட்ட காட்டுத் துண்டுகளில் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் இப்போது முடிகிறது. இந்தப் பாம்பைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. கூட்டுப்பெட்டி வைத்த கம்பத்தில் ஏறாமல் இருக்க அகலமான வழுக்கும் உலோகக் குழாயைப் பொருத்தினார்கள், அது உடம்பைச் சுருக்குக் கயிறு போலச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறியது. பாம்புகளில் அதுவரை யாரும் பதிவு செய்யாத நகரும் முறை அது, 2021-ல்தான் வெளியானது.

பாம்பும் ஒரு உயிர்தானே? அதைக் கொல்றது பாவமில்லையா?

அந்தப் பாம்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதன் சொந்த நாட்டில் அது நிம்மதியாக இருக்கிறது, அங்கே யாரும் அதை ஒழிக்கப் போவதில்லை, ஒழிக்கவும் கூடாது. குவாமுக்கு அதைக் கொண்டுவந்தது மனிதர்களின் கப்பல், ஆகவே பொறுப்பும் மனிதர்களுடையது. கொல்லாமல் விட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்பது சரியில்லை, மிச்சமிருக்கும் பறவைகள் சாகும், அந்தச் சாவு நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் நான் பறவை பக்கம்தான் நிற்கிறேன். வலி குறைந்த வழியைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு பறவை போனா காட்டுக்கு என்ன பெரிய நஷ்டம்?

போனது ஒன்று இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே. பூச்சியும் சிலந்தியும் தின்னும் பறவைகள் இல்லாததால் குவாம் காட்டில் சிலந்தி வலைகள் பக்கத்துத் தீவுகளைவிடப் பல மடங்கு, மழைக்காலத்தில் 40 மடங்குவரை என்று 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பழம் தின்று விதை பரப்பும் பறவைகள் போனதால் பழங்கள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து வீணாகின்றன, சில மரங்களில் புதுக்கன்று வருவது 61 முதல் 92 சதவீதம்வரை குறையக்கூடும் என்று 2017-ல் கணக்கிட்டார்கள். சிஹெக் விதை பரப்புவதில்லை. ஆனால் அது கூடு குடைய வேண்டிய பெருமரங்கள் நாளைக்கு இருக்குமா என்பது அந்தப் பழம் தின்னிகளைப் பொறுத்தது.

இப்படிப் போய்த் திரும்பி வந்த பறவை வேற ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அதே குவாமில். கோகோ என்ற பறக்காத கானாங்கோழி, அதுவும் 1980-களில் காட்டில் அற்றுப்போய்க் கூண்டில் மட்டும் பிழைத்தது. அதை ரோட்டா தீவிலும் குவாமை ஒட்டிய குட்டி கோகோஸ் தீவிலும் விட்டு வளர்த்தார்கள். 2019-ல் அதன் நிலையை 'காட்டில் அற்றுப்போனது' என்பதிலிருந்து 'மிக அருகிய இனம்' என்று மாற்றினார்கள், உலகத்தில் கலிபோர்னியா பெருங்கழுகுக்கு அடுத்து இப்படித் திரும்பிய இரண்டாவது பறவை. ரோட்டாவும் அதன் சொந்த இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள், பல்மைரா பற்றிய கேள்விக்கு இதுவும் ஒரு பதில். அதேசமயம் 2020-ல் கோகோஸ் தீவிலேயே மரப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது, காவல் கொஞ்சம் தளர்ந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு அது உதாரணம்.

சரி, சிஹெக் குவாமுக்கு எப்பத்தான் திரும்பும்?

தேதி சொல்ல முடியாது. பாம்பு போதுமான அளவு குறைந்த, வேலி போட்ட ஒரு காட்டுத் துண்டு வேண்டும், வடக்கே ராணுவத் தளத்தில் 55 ஹெக்டேரில் அந்த மாதிரி ஒரு இடத்தில் வேலை நடக்கிறது. அந்தக் காட்டில் உளுத்த பெருமரங்கள் வேண்டும். விட்டபிறகு ஆண்டுக்கணக்கில் பாம்பு வேட்டை தொடர வேண்டும், அதற்கு விடாமல் பணம் வரவேண்டும். பாம்பு பிரச்சினையை அரைகுறையாக விட்டுவிட்டுப் பறவையை மட்டும் கொண்டுபோய்ப் படம் எடுத்துக்கொள்வதைவிட இன்னும் பத்து ஆண்டு காத்திருப்பது மேல்.

இப்பப் போய் நேர்ல பார்க்க முடியுமா?

பல்மைராவில் முடியாது, பொதுமக்கள் நினைத்தபோது போகும் இடம் இல்லை, போகாமல் இருப்பதுதான் அந்தப் பறவைக்கும் நல்லது. அமெரிக்காவில் இருப்பவர்கள் சிஹெக் வளர்க்கும் பூங்காக்களில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பல இடங்களில் இனப்பெருக்க ஜோடிகளைப் பார்வையாளர் கண்ணில் படாமல் பின்புறத்தில்தான் வைத்திருப்பார்கள், அதனால் போகுமுன் விசாரித்துவிட்டுப் போங்கள்.